ஜிப்சம் தரையில் வெண்பொடியும் ஊசித்துளைகளும்

தானே சமமாகப் பரவும் ஜிப்சம் கலவையை ஓர் அறையில் ஊற்றிய மூன்றாம் நாள், தரையைத் தேய்த்த விரலில் வெண்பொடி ஒட்டியது. சுவரோரம் ஊசி குத்தியதுபோல் துளைகளும் தெரிந்தன. கலவை எளிதாக ஓடட்டும் என்று தண்ணீரைக் கண்ணளவாகக் கூட்டியதால், நுண்துகள்கள் மேலே மிதந்து பாலாடைபோல் வலுவற்றுப் படிந்துவிட்டன. துளைகளுக்கோ, பிரைமர் என்னும் அடிப்பூச்சைச் சரியாகப் பூசாததால் அடியிலிருந்த பழைய கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, தன்னுள் இருந்த காற்றை மேலே தள்ளியதே காரணம். தரை நன்கு காய்ந்தபின் அந்த வலுவற்ற மேற்படிவை 40-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, தூசியை உறிஞ்சி அகற்றி, பிரைமர் பூசித் துளைகளை அடைத்தேன். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, ஜிப்சம் இளகிவிடும். அடுத்த அறையில் பிரைமரை இரண்டு முறை பூசி, மூட்டையில் அச்சிட்ட அளவிலேயே தண்ணீர் சேர்த்து, கலவை இறுகுமுன் காற்றுக்குமிழிகள் வெளியேற முள் பதித்த உருளையை அதன்மேல் ஓட்டினேன். ஆணியால் கீறியும் பொடி உதிரவில்லை.