பெல்லரோஃபன் கப்பலைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

நெப்போலியனை செயின்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டுபோன கப்பல் எது? கொஞ்சம் வரலாறு படித்தவர்கள்கூடச் சட்டென்று பெல்லரோஃபன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் என்பார்கள். தவறு. 1815 ஜூலை 15 அன்று, பிரான்சின் ரோஷ்ஃபோர் கடற்கரைக்கு அப்பால், அவர் சரணடைந்தது இந்தக் கப்பலில்தான், அப்போது அதன் கேப்டன் மெய்ட்லண்ட். இங்கிலாந்துக்குக் கொண்டுவந்ததும் இதுதான். டோர்பேயிலும் பிளிமத்திலும் நங்கூரம் போட்டுக் கிடந்த நாட்களில், அவரை வேடிக்கை பார்க்கப் படகு படகாகக் கூட்டம் வந்தது. ஆனால் கரையில் கால் வைக்க அரசு அனுமதிக்கவில்லை. அவ்வளவு தூரப் பயணத்தைப் பழைய கப்பல் தாங்காது என்று, ஆகஸ்ட் 7 அன்று நார்தம்பர்லாண்ட் என்ற கப்பலுக்கு அவரை மாற்றினார்கள். தீவுக்குப் போனது அது.

அடுத்து, எகிப்துக் கடற்கரையில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதிய நைல் போர். 1798 ஆகஸ்ட் 1 இரவு வெடித்துச் சிதறிய பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் லோரியானை அழித்த கணக்கைப் பெல்லரோஃபன் பேரில் எழுதிவிடுகிறார்கள். 74 பீரங்கிகளோடு பெல்லரோஃபன் அந்த ராட்சதக் கப்பலின் பக்கத்தில் போய் நின்றது உண்மை. அதற்கு விலையாக மூன்று பாய்மரங்களும் முறிந்தன, 49 பேர் மாண்டார்கள். பெல்லரோஃபன் போர்க்களத்தை விட்டு விலகி மிதந்துபோன பிறகுதான், இரவு 10 மணிவாக்கில், லோரியான் வெடித்தது. அதற்குள் ஸ்விஃப்ட்ஷூர், அலெக்சாண்டர் ஆகிய இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

1805 இல் டிராஃபல்கர் கடற்போரில் இறந்த, இந்தக் கப்பலின் கேப்டன் குக், உலகம் சுற்றிய ஜேம்ஸ் குக் அல்ல, ஜான் குக். ஜேம்ஸ் 1779 இலேயே ஹவாயில் கொல்லப்பட்டார். இதையும் குழப்புவார்களா என்றால், குழப்புகிறார்கள்!

தேதியிலும் கவனம் தேவை. கப்பல் நீரில் இறங்கியது 1786 இல். ஆனால் ஸ்பெயினோடு போர் மூளும் போலிருந்த 1790 இல்தான் மாலுமிகளை ஏற்றிப் பணிக்கு அனுப்பினார்கள். இடையில் இருந்த ஆண்டுகளைச் ‘சேவை’ என்று சேர்க்கக் கூடாது.

அப்புறம், பெயர். வாயில் நுழையாத கிரேக்கப் பெயரை மாலுமிகள் ‘பில்லி ரஃபியன்’ ஆக்கிவிட்டார்கள், அதாவது போக்கிரி பில்லி. 1824 இல் பெல்லரோஃபன் என்ற பெயரை வாட்டர்லூ என்ற கப்பலுக்குக் கொடுத்தார்கள். ஆகவே அதற்குப் பிறகு ஆவணத்தில் வரும் பெல்லரோஃபன் வேறு கப்பல். ஏற்கெனவே கைதிகளை அடைக்கும் மிதவைச் சிறையாக மாறியிருந்த பழையது, ‘கேப்டிவிட்டி’, அதாவது சிறைவாசம், என்ற பெயரோடு கிடந்து, 1836 இல் உடைக்க விற்கப்பட்டது.