ரிங்கை மாட்டும் முன் வாயை அளந்து பாருங்கள்

புது ரிங் செட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே பிஸ்டனில் மாட்டினேன் ஒருமுறை. நாகர்கோவிலில் கிளம்பின வண்டி தக்கலை தாண்டுவதற்குள் பிடித்து நின்றது, கழற்றிப் பார்த்தால் போர், அதாவது சிலிண்டரின் உட்குழி முழுக்கக் கோடு.

ரிங் சூட்டில் நீளும். இரண்டு முனைக்கும் நடுவே, அதாவது ரிங்கின் வாயில், இடம் இல்லாவிட்டால் முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டர் சுவரைக் கீற ஆரம்பிக்கும். சாதாரண ஓட்டத்துக்கு போர் விட்டத்தில் ஆயிரத்துக்கு நாலு பங்கு, அதாவது 67 மில்லிமீட்டர் போருக்கு 0.27 போதும், கம்ப்ரஷன் ஏற்றி விரட்டப் போகிற என்ஜின் என்றால் 0.30 முதல் 0.33 வரை விடுங்கள். ரிங்கோடு வந்த தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் கணக்கு. இரண்டாவது ரிங்குக்கு இன்னும் ஒரு துளி கூடுதல் நல்லது, நடுவில் கேஸ் தங்கி மேல் ரிங்கைத் தூக்காது. இடைவெளி கொஞ்சம் கூடினால் கம்ப்ரஷன் லேசாகக் குறையும், அவ்வளவுதான், இடைவெளி குறைந்தால்தான் மக்கா செலவு!

அளப்பது எளிது. ரிங்கை மட்டும் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து ஓர் அங்குலம் நேராகத் தள்ளிவிட்டு வாயில் ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நுழையுங்கள். பற்றாவிட்டால் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக, மெல்லிய அரத்தால் ராவ வேண்டும். எதிர்ப்பக்கமாக ராவினால் குரோம் பூச்சு பெயர்ந்துவிடும். பிசிறை எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுங்கள்.

ஓவர்சைஸ், அதாவது அளவு கூடின ரிங் வாங்கினால் ரீபோரும் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) அதே அளவில் இருக்க வேண்டும். குரோம் பூசிய போரில் குரோம் ரிங் கூடவே கூடாது. ஹோனிங் (போர்ச் சுவரைக் கல்லால் தேய்ப்பது) முடிந்ததும் பெட்ரோலில் அலசுவது போதாது, சுடுதண்ணீரும் சோப்பும் வேண்டும், அப்புறம் எண்ணெய் தொட்ட பழைய வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்துக்கொண்டே இருங்கள், துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை.

மாட்டும்போது எழுத்தோ புள்ளியோ உள்ள பக்கம் மேலே. முனைகள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது. அளவுக்கு மேல் விரிக்காதீர்கள், வார்ப்பிரும்பு படக்கென்று ஒடியும்.

ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ரிங் சுவரோடு படிந்து உட்கார என்ஜினுக்குப் பாரம் வேண்டும். ஆனி, ஆடியில் முப்பந்தல் போய்விட்டு ஆரல்வாய்மொழி வழியாகத் திரும்பினால் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்யும், த்ராட்டிலைத் திருகுவதும் விடுவதுமாக வாருங்கள். சாதாரண மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். நூறு கிலோமீட்டரில் வடிக்கும்போது அதில் லேசாக வெள்ளிப்பொடி மின்னினால் பயப்பட வேண்டாம்.