நாலு குடும்பம் சேர்ந்து வீட்டுல ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கறது எப்படி

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா ஸ்தோத்திரம் சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டு கிளம்பிடறோம், பக்கத்துல உக்காந்திருந்த அக்காவுக்கு வீட்டுல என்ன பிரச்சனைன்னு நமக்கு தெரியறதே இல்ல. அதனாலதான் வாரத்துல ஒரு நாளாவது நாலு குடும்பம் ஒரு வீட்டுல கூடி ஜெபம் பண்ணுங்கன்னு பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்றேன். தனி ஜெபம் கண்டிப்பா வேணும். ஆனா துக்கம் தொண்டைய அடைக்கற நாள்ல வாயில ஒரு வார்த்தை வராது, அன்னிக்கு நமக்காக இன்னொருத்தர் ஜெபம் பண்ண, நாம ஆமென் மட்டும் சொன்னா போதும், அந்த பலம் கூடி ஜெபிக்கறதுலதான் இருக்கு.

ஹால், மைக், கீபோர்டு எதுவும் வேணாம். பேதுரு ஜெயில்ல இருந்தப்போ சபையார் கூடி ஜெபம் பண்ணது மாற்குங்கற யோவானோட அம்மா மரியாள் வீட்டுலதான், அப்போஸ்தலர் 12ல படிச்சு பாருங்க. ரெண்டு மூணு பேர் கூடினாலே நடுவுல இருக்கேன்னு ஆண்டவர் சொல்லியிருக்கார் (மத்தேயு 18:20), அதனால ஆள் சேரட்டும்னு காத்திருக்காதீங்க. ஆயர் கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, தனி கோஷ்டின்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

நேரம் நம்ம வேலூர் பக்கத்து பொழப்புக்கு ஏத்த மாதிரி வைங்க. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிக்கு போறவங்க, ஆஸ்பத்திரியில ஷிப்ட் பாக்கறவங்க வீடு வந்து சேரவே லேட்டாகும். ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிச்சு எட்டரைக்குள்ள முடிச்சிடுங்க, பசங்களுக்கு காலையில ஸ்கூல் இருக்கு. வேலூர் வெயில் தெரியும்ல, அக்னி நட்சத்திரத்துல மொட்டை மாடியில பாய் விரிச்சிக்கலாம். டீயும் பிஸ்கட்டும் போதும்னு முதல் வாரமே பேசி வைங்க, ஒரு வீட்டுல பிரியாணி போட்டுட்டா அடுத்த வாரம் வசதி இல்லாத வீட்டுக்காரங்க எங்க வீட்டுல வைங்கன்னு கேக்க கூசுவாங்க.

ஒரு கீர்த்தனை, பைபிள்ல இருந்து ஒரு சங்கீதம் படிக்கறது, அதுக்கு மேல பிரசங்கம் வேணாம். மிச்ச நேரம் பூரா ஜெபக்குறிப்புக்குதான். இங்க அவசரப்படாதீங்க. ஒரு அம்மா "பையனுக்காக ஜெபம் பண்ணுங்க"ன்னு சொல்லி நிறுத்துவாங்க, உடனே கண்ண மூடிடாம "என்னம்மா, ஆண்டவர் கிட்ட நாங்க என்னன்னு கேக்கட்டும்?"னு மெதுவா கேளுங்க, அப்பதான் வேலை போனது, அவன் ராத்திரி வீட்டுக்கு வராதது எல்லாம் வெளிய வரும், அதை அப்படியே எடுத்து ரெண்டே நிமிஷம் ஜெபம் பண்ணுங்க. ஜெபத்துக்குள்ள புத்தி சொல்லாதீங்க. "ஆண்டவரே, இந்த சகோதரி ஒழுங்கா சபைக்கு வரணும்"னு ஒருத்தர் ஜெபிச்சிட்டா, அந்த சகோதரி மறுவாரம் வரமாட்டாங்க. குறிப்பையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வைங்க, அடுத்த வாரம் முதல் வேலையா "போன வாரம் சொன்னது என்னாச்சும்மா?"னு கேளுங்க, அந்த ஒரு கேள்வியில பாதி பாரம் இறங்கிடும்.

அங்க பேசினது வெளிய போகவே கூடாது. கடன், புருஷன் பொண்டாட்டி சண்டை, பொண்ணு கல்யாணம் தள்ளிப்போறது, இதெல்லாம் பேரோட வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்கன்னா அதுக்கப்புறம் யாரும் மனசு திறக்க மாட்டாங்க.

வியாதிக்காக ஜெபிக்கும்போது மாத்திரைய நிறுத்துன்னு யாராவது சொன்னா அங்கயே தடுத்துடுங்க. 1900ல மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு பெட்டோட வைத்தியம் ஆரம்பிச்ச ஊரு இது, அவங்க விசுவாசத்தாலதான் அந்த வைத்தியத்துக்கே வந்தாங்க.

இன்னொன்னு, இது நம்ம ஊர்லதான் செய்ய முடியும். அந்த அம்மா ஆரம்பிச்ச சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து சுத்தி இருக்கற லாட்ஜ்ல தங்கறவங்கள்ல மிசோரம், நாகாலாந்து பக்கத்து கிறிஸ்தவங்களும் உண்டு, ஆபரேஷனுக்கு ஆள உள்ள விட்டுட்டு யாரையும் தெரியாத ஊர்ல உக்காந்திருப்பாங்க. கூப்பிடுங்க. அவங்க பாஷையிலயே ஜெபம் பண்ண சொல்லுங்க, நமக்கு புரியலைன்னாலும் ஆமென் எல்லாருக்கும் ஒண்ணுதானே. பேஷண்ட் பேரை நோட்டுல எழுதிக்கிட்டு, டிஸ்சார்ஜ் ஆனதும் காட்பாடியில எத்தனை மணிக்கு ட்ரெயின்னு கேட்டு, குரூப்ல ஒருத்தர் கூடவே போய் ஏத்தி விட்டுட்டு வாங்க.