டொரண்ட் (பலரிடமிருந்து துண்டு துண்டாகக் கோப்பை இறக்கும் முறை) மட்டும் நத்தையாக நகர்கிறதா?

உடனே இணைய நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். முதலில் உபுண்டு இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) டொரண்டைப் போட்டுப் பாருங்கள், அதற்கு 'சீடர்'கள் (முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்கள்) ஏராளம். அதே கோப்பை பிரவுசரிலும் இறக்குங்கள். இரண்டுமே மந்தமென்றால் கோளாறு வைஃபையிலோ லைனிலோ.

பெரும்பாலும் குற்றவாளி நம் அப்லோடுதான். அது நிரம்பி வழிந்தால், வந்த பாக்கெட்டுக்கு 'கிடைத்தது' என்று சொல்லும் பதிலும் வரிசையில் சிக்கி, டவுன்லோடும் படுத்துவிடும். டொரண்ட் மென்பொருளில் அப்லோடு வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள்: 10 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் விநாடிக்கு 1000 கேபி.

அடுத்து, ரவுட்டரின் WAN ஐபியை (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் CGNAT-க்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பை நம் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் அங்கே வீண்வேலை. புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் அதை இயக்குங்கள்.

பிரவுசர் பறந்து, டொரண்ட் மட்டும் தவழ்ந்தால்தான் இணைய நிறுவனத்தைச் சந்தேகப்படலாம். 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் இணைய நிறுவனம், இரு முனைகளுக்கும் போலி 'ரீசெட்' (இணைப்பை முறிக்கச் சொல்லும்) பாக்கெட் அனுப்பி சீடிங்கைத் துண்டித்தது அம்பலமானது. 2008-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதைக் கண்டித்தது. பாக்கெட்டுகளைப் பார்க்க உதவும் வயர்ஷார்க் மென்பொருளில் ஆர்எஸ்டி (ரீசெட்) பாக்கெட்டுகளை வடிகட்டுங்கள். அங்கொன்று இங்கொன்று சகஜம். இணைப்பு தொடங்கிய சில நொடியில், பல பியர்களிடமிருந்து (கோப்பைப் பகிரும் மற்ற கணினிகள்), மற்ற பாக்கெட்டுகளோடு ஒவ்வாத டிடிஎல் எண்ணுடன் (ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் ஒன்று குறையும் எண்) வந்தால் இடையில் யாரோ கைவைக்கிறார்கள்.

க்யூபிட்டொரண்ட் போன்ற டொரண்ட் மென்பொருளில் என்கிரிப்ஷனைக் (மறையாக்கம்) கட்டாயமாக்கலாம். பியர்கள் கொஞ்சம் குறைவார்கள், போக்குவரத்தின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கருவியிடம் இது எடுபடாது. அங்கே போக்குவரத்து முழுவதையும் மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன்தான் வழி.