படித்தது மறுநாளும் நிற்க என் மாணவிகளுக்கு நான் சொல்லும் வழி

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் நர்ஸிங் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அனாட்டமி, ஃபிசியாலஜி, சைக்காலஜி மூன்றும். பரீட்சை நெருங்கினால் வருஷா வருஷம் ஒரே புலம்பல்: "நைட்டு ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன் மிஸ், காலைல ஒண்ணுமே ஞாபகம் இல்ல." கேட்கும்போதே வயிறு கலங்கும். நானும் அப்படிப் பட்டவள். நான் படித்த காலத்தில் அனாட்டமி பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. மூளையிலிருந்து நேரே கிளம்பும் கபால நரம்பு பன்னிரண்டும் அத்துப்படி என்ற தைரியத்தில் ஹாலில் உட்கார்ந்தால், ஆறுக்கு மேல் வரவில்லை.

அதனால் அதே பன்னிரண்டை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

சாயங்காலம் பாடத்தை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். பார்க்கவே கூடாது. போன மாதம் ஒரு பிள்ளை இப்படி எழுதினாள். முதலில் ஆல்ஃபாக்டரி, ஆப்டிக், ஆக்குலோமோட்டார் மளமளவென்று வந்தன. கடைசி மூன்றான வேகஸ், அக்ஸசரி, ஹைப்போகுளோஸலும் வந்தன. நடுவில் பெரிய ஓட்டை. பட்டியலின் தலையும் வாலும் தங்கும், இடுப்பு நழுவும். எல்லா மனித மூளைக்கும் அப்படித்தான். "எனக்கு மூளையே இல்ல மிஸ்" என்று கண் கலங்கினாள். அவளுக்கு மூளை நன்றாகவே இருக்கிறது. ஒரே நேரத்தில் மனசில் பிடித்து வைக்கக்கூடியது ஏழு, கூடக் குறைய இரண்டு என்று சைக்காலஜி ஆய்வாளர் ஜார்ஜ் மில்லர் 1956-லேயே எழுதினார். பன்னிரண்டை ஒரே மூட்டையாகத் தூக்கினால் சிந்தத்தான் செய்யும்.

கட்டுக் கட்டாகப் பிரியுங்கள். வாசனை, பார்வை, காது கேட்பது: நரம்புகளின் வரிசை எண்ணில் 1, 2, 8. கண்ணை அசைப்பவை: 3, 4, 6. முகம், வாய், தொண்டை: 5, 7, 9, 12. வயிறு வரை இறங்கிப் போகிற வேகஸ் 10. கழுத்தைத் திருப்பி, தோளைத் தூக்குகிற அக்ஸசரி 11. இப்படிப் பிரித்துக் கொடுத்த பிறகு அவள் மறுபடி எழுதினாள். ஒன்றே ஒன்றுதான் விட்டது.

மூடிவிட்டு எழுதுவது கஷ்டமாக இருக்கும். திரும்பத் திரும்ப வாசிப்பதும், கலர் பேனாவால் கோடு இழுப்பதும் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நம்பாதீர்கள். சைக்காலஜி ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். பரீட்சை ஐந்து நிமிஷத்திலா வருகிறது?

எழுதி, விட்டதைத் திருத்தியாயிற்றா? போய்ப் படுங்கள். இதைச் சொன்னால் அம்மாக்கள் என்னைக் கோபமாகப் பார்க்கிறார்கள். ஆனால் படித்ததைப் பத்திரப்படுத்துகிற வேலையில் பெரிய பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. காதுக்கு உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில், கடல்குதிரை வடிவில் ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. புதுச் சங்கதிகளை முதலில் வாங்கி வைப்பது அதுதான். 1994-ல் மூளை ஆய்வாளர்கள் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளில் பார்த்தார்கள்: பகலில் நடமாடும்போது சேர்ந்து துடித்த ஹிப்போகாம்பஸ் செல்கள், பிறகு எலி தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. மூளை ராத்திரி தன் பாடத்தைத் தானே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறது. ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில் அதிகம், கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். இரண்டு மணிக்குப் படுத்து ஐந்துக்கு அலாரம் வைத்தால் அந்த வேலைக்கு நேரமே கொடுக்கவில்லை என்று அர்த்தம். பதினெட்டு வயசுவரை எட்டு மணி நேரமாவது வேண்டும், அதற்குமேல் ஏழுக்குக் குறையக் கூடாது.

ஊசி போடுவது, பேண்டேஜ் சுற்றுவது மாதிரிக் கைவேலைக்கு வெள்ளைத்தாள் போதாது. அந்த ஞாபகத்துக்கு வேறு பாதை. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-ல் வலிப்புக்காக இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் பெரிய பகுதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தித்தவர்களை அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. ஆனால் ஆய்வாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் தேறினார். முன்பு வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை! இதைப் படித்த அன்று எனக்கு அப்பா நினைவு வந்தது. குழித்தறியில் பட்டு வேட்டி நெய்தவர். சின்ன வயசில் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்ப எந்த மிதிய மிதிக்கணும்ப்பா?" என்று கேட்பேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டு யோசிப்பார், சொல்ல வராது. "காலுக்குத்தான் தெரியும் சாமி" என்று மறுபடி மிதிப்பார். கைவேலையைச் செய்து செய்துதான் ஏற்ற வேண்டும். தினமும் கொஞ்சம் செய்யுங்கள், அன்றைக்கு ராத்திரியும் தூங்குங்கள்.

தூக்கம் கெடுவதற்கு எங்கள் தெருவில் பவர்லூம் ஒரு காரணம். கட்டிலைத் தள்ளிப் போட்டு, காதில் பஞ்சு வைக்கச் சொல்வேன். நம் கையில் இருப்பது டீயும் காபியும். ஏற்காட்டுக் காபி எனக்கும் உயிர்தான், ஆனால் உள்ளே போன கேஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். செல்ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். மூன்று நான்கு வாரமாகத் தூக்கமே வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காதீர்கள்.

காலையில் எழுந்ததும், புத்தகத்தைத் தொடும் முன்னே மறுபடி ஒரு வெள்ளைத்தாள். அடுத்து மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. ஜெர்மன் ஆய்வாளர் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்ட கணக்குப்படி மறதி முதல் நாளில்தான் கிடுகிடுவென்று இறங்குகிறது, அப்புறம் வேகம் குறைகிறது. அதனால் முதல் காலையை மட்டும் எதற்காகவும் விடாதீர்கள்.

பரீட்சை அன்று புதுப் பக்கம் எதையும் திறக்க வேண்டாம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் விரல் மடக்கிக் கட்டுகளை ஓட்டுங்கள்: கண்ணை அசைப்பவை 3, 4, 6. ஒன்று வரவில்லையென்றால் அடுத்ததுக்குப் போங்கள், ஹாலில் பேனா பிடித்ததும் முதல் வேலையாகப் பன்னிரண்டையும் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுத அனுமதி உண்டா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.