கடுங்குளிரில் சுழல வேண்டிய சக்கரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டியிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் பொறியியல் மாணவர்கள் தங்கள் வடிவமைப்புகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். விண்வெளித் தொலைநோக்கியின் வடிகட்டிச் சக்கரம், அதாவது வெவ்வேறு ஒளி வடிகட்டிகளை மாற்றி மாற்றி ஒளியின் பாதைக்குக் கொண்டுவரும் சக்கரம், பலருக்கும் பிடித்த தலைப்பு. அது கடுங்குளிரில் சுழல வேண்டும். நாங்கள் தொடக்கத்தில் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுகிறார்கள். அந்தக் குளிரில் கிறீஸ் இறுகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

காற்றில் சுழற்றிப் பார்ப்பது

கிறீஸுக்குப் பதிலாக பெயாரிங்கில் மொலிப்டினம் இருசல்பைட்டு என்ற உலர் மசகுப் பொருளைப் பூசுகிறோம். தடிப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரோன்தான். வெற்றிடத்தில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். ஈரக்காற்றிலோ உராய்வு பல மடங்கு ஏறி, படலம் தேய்ந்து தூளாகிவிடும். நுவரெலியாவில் மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. உலர்த்திய தேயிலையைத் திறந்து வைத்தால் ஈரம் ஏறும் என்று அறிந்த பிள்ளைகள், பூசிய பெயாரிங்கை மேசைமேல் திறந்தே வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் விரலால் சுழற்றிக் காட்டுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆய்வுகூடத்தில் விருந்தினர் வரும்போதெல்லாம் சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார்கள். பிறகு வெற்றிடச் சோதனையில், சக்கரத்தைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை கூடியிருந்தது. கழற்றிப் பார்த்தால் பெயாரிங் குண்டுகளைச் சுற்றிலும் சாம்பல் நிறத் தூள். மீண்டும் பூசி, மீண்டும் பொருத்தி, மீண்டும் சோதிக்க மாதக்கணக்கில் போயிற்று.

பெயாரிங்கை உலர்ந்த நைதரசன் நிரப்பிய பையில் மூடி வையுங்கள். முதல் ஓட்டத்தை வெற்றிடத்திலோ உலர் நைதரசனிலோ நடத்துங்கள். எத்தனை சுற்று, எந்த வாயுவில், யார் சுழற்றியது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.

குளிரில் சுருங்குவதை மறப்பது

அறை வெப்பநிலையிலிருந்து 40 கெல்வினுக்கு (ஏறத்தாழ −233 பாகை செல்சியஸ்) இறங்கும்போது 100 மி.மீ. அலுமினியம் ஏறத்தாழ 0.4 மி.மீ. சுருங்கும். எஃகு அவ்வளவு சுருங்காது. ஆகவே அலுமினியக் கூடு எஃகு பெயாரிங்கை நெரிக்கும். குளிர்ந்து முடிந்த நிலையை மட்டும் கணக்கிடுவதும் போதாது. வெற்றிடத்தில் பெயாரிங்கின் உள்வளையம் மெதுவாகவே குளிர்வதால், இடைப்பட்ட நேரத்தில்தான் நெரிசல் உச்சத்துக்குப் போகலாம்.

மோட்டரின் சூடு

மோட்டர் ஓடும்போது எழும் சூட்டைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். கருவியைக் குளிராக வைத்திருக்கும் குளிரூட்டிதான் அதையும் சுமக்க வேண்டும்.

முறுக்குவிசையில் கஞ்சத்தனம்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் மிரி (MIRI) என்ற அகச்சிவப்புக் கருவி 7 கெல்வினுக்கும் கீழே இயங்குகிறது. 2022 ஆகஸ்டில் அதன் ஒரு சக்கரத்தில் உராய்வு கூடியதால், அந்தச் சக்கரத்தை நம்பிய அவதானிப்புகள் நவம்பர் வரை நிறுத்தி வைக்கப்பட்டன. ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவுக்குப் போய் யாரும் கழற்றிப் பார்க்க முடியாது. ஆகவே, சக்கரம் தன் ஆயுளில் சுழல வேண்டிய அளவு சுழற்றிப் பார்க்கும் ஆயுள் சோதனையின் முடிவில், குளிர்ந்த நிலையில் உராய்வை அளந்து, அதைப்போல் குறைந்தது இரு மடங்கு முறுக்குவிசை தரும் மோட்டரைத் தெரிவு செய்யுங்கள்.