ஒன்று மேடையில், ஒன்று எடிட்டரிடம், ஒன்று மேசையில்: தொடர் ஃபேண்டஸி எழுதுபவருக்கான வேலைமுறை

தொடர் எழுதுபவரின் கையில் எந்த நாளிலும் மூன்று புத்தகங்கள் இருக்கும். முதல் பாகம் வெளிவந்துவிட்டது, அதற்காகக் கூட்டங்களுக்குப் போக வேண்டும். இரண்டாம் பாகம் எடிட்டரிடம் இருக்கிறது. மூன்றாம் பாகம் பாதியில் நிற்கிறது. நேரம் போதவில்லை என்பார்கள். நேரத்தைவிடத் தலைவலி தருவது வேறொன்று. அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அரசி உயிரோடு இருக்கிறாள், எடிட்டரிடம் உள்ள பாகத்தில் செத்துவிட்டாள், மேசையில் உள்ளதில் அவள் மகன் ஆள்கிறான். மூன்றையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் வாய் தவறாமல் பேச வேண்டும்.

இதற்கு முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது, எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பதைத்தான். அச்சானது மாறாது. எடிட்டரிடம் இருப்பதை மாற்றலாம், ஆனால் நாள் போகப் போக அதற்கான செலவு ஏறும். மேசையில் இருப்பதை இஷ்டம்போல் மாற்றலாம். அச்சானதையும் மாற்றியவர்கள் உண்டு. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவல் 1937இல் வந்தது. அதன் தொடர்ச்சியான ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலை எழுதும்போது கதையில் வரும் மோதிரத்தின் தன்மையே வேறாகிவிட்டதால், 1951 பதிப்பில் மோதிரம் கைமாறும் அத்தியாயத்தைத் திருத்தினார். பழைய வடிவம் கதைநாயகன் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே கணக்கைத் தீர்த்தார். எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்காது. ஆகவே கதையில் எதை எப்படி முடிவுசெய்தோம் என்று குறித்துவைக்கும் பதிவேடு வேண்டும்.

காலண்டரைக் கடைசியிலிருந்து போடுங்கள்

அச்சகத்துக்குக் கோப்பு போகும் நாளை முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மெய்ப்புக்கு, அதாவது அச்சுக்கு முந்தைய பிழைபார்ப்புக்கு, 2 வாரம், பக்க வடிவமைப்புக்கு 4, மொழிச் செம்மைக்கு 3, எடிட்டரின் இரண்டாம் பார்வைக்கு 4, நீங்கள் திருத்தி எழுத 8. மொத்தம் 21 வாரம், ஏறத்தாழ ஐந்து மாதம். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனால் மெய்ப்பின் இரண்டு வாரத்தைக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பின்னிணைப்பு, வரைபடம், பெயர்ப் பட்டியல், வம்ச மரம் ஆகியவற்றுக்குத் தனி வரிசை போடுங்கள். கதை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது இவற்றைத்தான், கடைசியில் கழுத்தைப் பிடிப்பதும் இவைதான். ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் முதல் இரண்டு பாகங்கள் 1954 ஜூலையிலும் நவம்பரிலும் வந்தன. மூன்றாவது 1955 அக்டோபர் வரை இழுத்தது, பின்னிணைப்புகள் தயாராகாததால்.

அடுத்து, கூட்டங்கள். ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் காலண்டரில் மூன்று கட்டங்களை அடியுங்கள்: கிளம்பும் நாள், நிகழ்ச்சி நாள், திரும்பிய மறுநாள். அந்த மறுநாளில் எழுத உட்கார்ந்தால் கதைமாந்தர்கள் எல்லோரும் மேடைப்பேச்சாளர் மாதிரிப் பேசுவார்கள். திருத்தி எழுதும் மாதத்தில் அதிகபட்சம் இரண்டு நிகழ்ச்சிகள் போதும். மெய்ப்பு வாரங்களில் ஒன்றுகூட வேண்டாம்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்

கண் நிறம், வயது, வாளின் பெயர் இவற்றை எல்லோரும் குறித்துவைப்பார்கள். தமிழில் எழுதும்போது அதற்கும் மேலே மூன்று விஷயங்கள் தேவை.

முதலாவது, கற்பனைப் பெயர்கள் வேற்றுமை உருபு ஏற்கும் விதம். ‘துராம்’ என்று ஒரு நகரம் வைத்திருக்கிறீர்கள். துராமில் போர் நடந்ததா, துராத்தில் நடந்ததா? ‘அசாமில்’ என்கிறோம், ‘கிராமத்தில்’ என்கிறோம். இரண்டுக்கும் வழக்கு இருக்கிறது. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவைக்காவிட்டால் மொழிச் செம்மை செய்பவர் இன்னொன்றைத் தேர்ந்தெடுப்பார், இரண்டாம் பாகத்தில் ஊரே மாறிவிட்டதுபோல் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஐ, கு, இல், இன் சேர்த்த நான்கு வடிவங்களையும் எழுதுங்கள். ர-ற, ல-ள-ழ, ன-ண எது என்பதையும் அங்கேயே முடிவுசெய்யுங்கள்.

இரண்டாவது, மரியாதை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தச் சுமை இவ்வளவு இல்லை. டிராகன் ‘வந்தது’ என்பீர்களா, ‘வந்தார்’ என்பீர்களா? பேசத் தொடங்கிய பிறகும் ‘அது’தானா? தளபதி அரசனைத் ‘தாங்கள்’ என்கிறான். இருவரும் சிறுவயது நண்பர்கள், தனியாக இருக்கும்போது ‘நீ’. எந்த அத்தியாயத்தில், எந்தச் சம்பவத்துக்குப் பிறகு அது மாறுகிறது என்று பக்க எண்ணோடு குறியுங்கள். ‘நீ’ என்பது ஓரிடத்தில் தவறி விழுந்தால் வாசகர் அதைத் துரோகத்தின் தடயம் என்று நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது, நாள் கணக்கு. நல்ல சாலையில் நடப்பவர் ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் போவார். குதிரை நடையாகப் போனால் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான், நாள் முழுக்கப் பாய்ந்து ஓட எந்தக் குதிரையாலும் முடியாது. பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையில் ஏறத்தாழ 29.5 நாள். மூன்றாம் அத்தியாயத்தில் முழுநிலவு என்றால், பத்து நாள் கழித்து நடக்கும் முற்றுகையில் நிலா இரவின் முற்பகுதியில் தலைகாட்டாது, நள்ளிரவுக்கு மேல்தான் எழும். மூன்றாம் பிறை நடுநிசியில் உதிப்பதாக எழுதிவிட்டால் அவ்வளவுதான். அது அந்தி சாய்ந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். உங்கள் உலகத்துக்கு இரண்டு நிலா என்றால் இரண்டுக்கும் தனித்தனிச் சுற்று எழுதிவைத்து அதற்குக் கட்டுப்படுங்கள்.

எடிட்டரின் கடிதம் வந்த பிறகு

முதல் நாள் படிக்க மட்டும் செய்யுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி படித்து, குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: கதையின் எலும்பைத் தொடுபவை, காட்சியளவில் முடிபவை, வரியளவில் முடிபவை. எலும்பிலிருந்து தொடங்குங்கள். வரி திருத்துவது சுகமான வேலை, அதனால்தான் கை முதலில் அங்கே போகும். பிறகு அந்த அத்தியாயமே போய்விடும், மெருகேற்றிய வரிகளும் கூடவே போகும்.

எடிட்டர் சொல்லும் தீர்வை ஏற்காமல் இருக்கலாம், சுட்டிய இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது. ‘இங்கே மந்திரவாதி ஏன் மந்திரத்தைப் பயன்படுத்தவில்லை?’ என்று கேட்டிருந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது, மந்திரத்தின் எல்லையைச் சொல்லாமல் விட்ட முந்தைய அத்தியாயத்தில் இருக்கும். ஏற்காத திருத்தத்துக்குப் பக்கத்தில் ‘அப்படியே இருக்கட்டும்’ என்றும், காரணத்தை ஒரு வரியிலும் எழுதுங்கள். காரணம் இல்லாமல் மறுத்தால் அதே கேள்வி மெய்ப்பில் மறுபடி வரும்.

பெயரை மாற்றுவது தனி ஆபத்து. ‘கரன்’ என்ற வீரனை ‘வேலன்’ ஆக்குகிறீர்கள். மொத்தமாக மாற்று என்று பொத்தானை அழுத்தினால் ‘அரக்கரன்றி யாருமில்லை’ என்ற வரி ‘அரக்வேலன்றி யாருமில்லை’ ஆகிவிடும். இன்னொரு பக்கம் ‘கரனை’, ‘கரனுக்கு’, ‘கரனோடு’ எதுவும் மாறியிருக்காது, அவற்றில் ‘ன்’ இல்லையே! ஒவ்வொரு உருபு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடி, ஒவ்வோர் இடத்தையும் பார்த்து மாற்றுவதே வழி. அரை நாள் ஆகும். பெயரில் ‘ொ’, ‘ோ’ இருந்தால் இன்னும் ஒரு சிக்கல். இவற்றை யூனிகோடில் ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் தட்டலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் ஒன்று அகப்படாமல் போகலாம். இரண்டு கணினிகளில் மாறி மாறி எழுதுபவர்களுக்கு இது நிச்சயம் நேரும்.

கோப்புக்கு ‘இறுதி’ என்று பெயர் வைக்காதீர்கள். பாகம், கட்டம், ஆண்டு-மாதம்-நாள் போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

மெய்ப்பும் பக்கக் கணக்கும்

மெய்ப்பைத் தாளில் பாருங்கள். வரிக்கு அடியில் அளவுகோல் வைத்து ஒரு முறை. பிறகு வரிகளை விட்டுவிட்டு பக்க எண், தலைவரி, அத்தியாய எண், பொருளடக்கம் இவற்றை மட்டும் ஒரு முறை. யூனிகோடிலிருந்து பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தால் ‘ஔ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள், உடைந்திருந்தால் முதலில் இவைதான் உடைந்திருக்கும். நீண்ட சொற்கள் வரி முடிவில் உடையும்போது ஒற்றை ‘ல்’ அல்லது ‘ம்’ அடுத்த வரித் தலையில் தனியாக நிற்கிறதா என்றும் கவனியுங்கள்.

இந்தக் கட்டத்தில் புது வரி சேர்க்கும் ஆசை வரும். அதன் விலை இது. புத்தகம் 352 பக்கம், 16 பக்கப் படிவமாக (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதியாக) அச்சாகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியாக 22 படிவம். ஓர் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் நிரம்பியிருக்கிறது. நீங்கள் சேர்த்த ஒரே வாக்கியத்தால் இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிகிறது. அதற்குப் பின்னால் வரும் அத்தியாயங்கள் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போகின்றன. மொத்தம் 353. இன்னொரு படிவமோ அரைப் படிவமோ சேர்க்க வேண்டும், பொருளடக்கம் தப்பாகும், புத்தக முதுகின் அகலமும் மாறும். தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் 352 பக்கத்துக்கு, அதாவது 176 தாளுக்கு, முதுகு 17.6 மில்லிமீட்டர். அட்டையை வடிவமைத்தவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் தலைப்பை முதுகின் நடுவில் நிறுத்தியிருப்பார். ஆகவே ஒரு சொல் சேர்த்தால் அதே பத்தியில் ஒரு சொல்லை எடுங்கள்.

வரைபடம் இரண்டு பக்கத்தில் விரிந்தால் நடு மடிப்பு ஒரு பங்கை விழுங்கும். மடிப்பின் இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் ஊர்ப்பெயர் வேண்டாம், அங்கே கடலோ பாலையோ இருக்கட்டும். விரித்த அகலம் 28 சென்டிமீட்டர் என்றால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறத்தாழ 3,300 பிக்சல் அகலப் படம் தேவை, வெட்டுக்காக ஓரங்களில் 3 மில்லிமீட்டர் கூடுதலாக. கதையில் வரும் ஊர்ப்பெயர்களின் எழுத்தை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வரைந்தவருக்குப் பழைய பிரதிதான் போயிருக்கும்.

மேடையில்

ஒப்புக்கொள்ளும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: எத்தனை நிமிடம், மேடையில் எத்தனை பேர், ஒலி-ஒளிப்பதிவு உண்டா, புத்தகத்தை யார் கொண்டுவருகிறார்கள், கையெழுத்து பேச்சுக்கு முன்பா பின்பா. 50 நிமிட அமர்வில் ஐந்து பேர் என்றால் ஆளுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. இரண்டு கருத்துகளோடு போனால் போதும். அறிமுகக் குறிப்பை 30 சொல்லில் ஒன்று, 100 சொல்லில் ஒன்று எனத் தயாராக வைத்திருங்கள். கதையில் வரும் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்றும் நெறியாளருக்கு முன்பே எழுதி அனுப்புங்கள்.

வாசிக்க முன்கதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆயிரமாண்டு வரலாறு காதால் கேட்பவருக்குப் பிடிபடாது. இரண்டுக்கு மேல் புதுப் பெயர் வராத, இரண்டு பேர் ஏதோ ஒன்றுக்காக மல்லுக்கட்டும் காட்சியே சரி. பத்து நிமிடம் தந்தால் எட்டு நிமிடத்துக்குத் தயார்செய்து, கடிகாரம் வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் அச்செடுத்து, காதுக்குத் தேவையில்லாத ‘என்றான்’களை அடித்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு ஆளுக்கு 40 விநாடி என்றாலும் 90 பேருக்கு ஒரு மணி நேரம். வரிசையிலேயே பெயரைச் சீட்டில் எழுதி வாங்க ஒருவரை நிறுத்துங்கள். ‘கவிதா’வா ‘கவித்ரா’வா என்று கேட்டுக்கொண்டிருந்தால் நேரம் இரட்டிப்பாகும். வழவழப்பான தாளில் மை இழுபடும், மையை முன்பே சோதியுங்கள். வங்கிக் கையெழுத்து வேறு, புத்தகக் கையெழுத்து வேறாக இருக்கட்டும்.

கேள்வி நேரம்தான் வழுக்கும் இடம். ‘அரசியின் தம்பிக்கு மந்திரம் தெரியுமா?’ என்று யாரோ கேட்பார். கலகலப்பில் ‘தெரியும்’ என்று சொல்லிவிட்டால் அதுவும் அச்சான மாதிரிதான். பதிவு இருக்கும், மூன்றாம் பாகம் வந்ததும் அதை எடுத்துக் காட்டுவார்கள். எழுதி முடிக்காத எதற்கும் ‘அது அவனுக்கே இன்னும் தெரியாது’ என்பதுபோல் ஒரு பதிலை முன்பே வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி உளறியிருந்தால் அன்றிரவே தேதியோடு பதிவேட்டில் எழுதிவிடுங்கள். ‘அடுத்த பாகம் எப்போது?’ என்பதற்குப் பதிப்பகம் அறிவித்த தேதி மட்டுமே பதில். அறிவிக்கவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லலாம், மாதத்தைச் சொல்லாதீர்கள்.

திரும்பி வந்து

மூன்றாம் பாகத்தை விட்டுக் கிளம்பும் முன், வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்து நடக்க வேண்டியதை மூன்று வரியில் அதன் அடியிலேயே எழுதிவைத்துவிட்டுப் போங்கள். திரும்பிய மறுநாள் எழுத வேண்டாம். மேடையில் சொன்னதைப் பதிவேட்டோடு சரிபார்ப்பது, மடல்களுக்குப் பதில், கணக்கு என்று போகட்டும். அதற்கடுத்த நாள் கடைசி ஐந்து பக்கத்தை மட்டும் படியுங்கள். முதலிலிருந்து படித்தால் திருத்த ஆரம்பித்துவிடுவீர்கள், வாரம் போய்விடும். பிறகு பாதியில் விட்ட அந்த வாக்கியத்தை முடியுங்கள். முதல் நாள் 300 சொல் வந்தால் போதும்.